ஹெல்மெட்டுக்குள் உதடு தெரியாது

"நீ திரும்பி வரலைன்னா இந்தக் கப்பல்ல எனக்குக் காத்துகூட வேண்டாம்" என்று இருபத்திரண்டு வயது விண்கலப் பைலட் உருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குரல் கொடுத்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் வலி என்பதால் மைக் முன்னால் நாற்காலி போட்டு, அதில் தலையணையும் வைத்துக்கொண்டு உருகினார். இன்னும் குமரிக் குரல் வைத்திருந்ததால் ஸ்டுடியோவில் அவர் பெயர் சின்னப்பொண்ணு. அவர் யாருக்காக உருகினாரோ, அந்தக் காதலனுக்குக் குரல் கொடுப்பவன் பக்கத்து மைக்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவருடைய சொந்த மருமகன்.

மாமியார் மருமகள் சண்டைக்கு உலகத்தில் ஏற்பாடுகள் உண்டு. பழமொழிகளே தனியாக இருக்கின்றன. மாமியார் மருமகன் சண்டைக்கு அப்படி எதுவும் கிடையாது. பாவம், இவர்கள் இருவரும் எல்லாவற்றையும் சொந்தமாகத் தயாரிக்க வேண்டியிருந்தது.

தமிழில் டப்பிங் ஆகிக்கொண்டிருந்த அந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் பெயர் 'ஈர்ப்பு விசை போதவில்லை'. எட்டே எபிசோடு, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். விண்வெளி நிலையத்து மெக்கானிக் ஒருவன், சரக்குக் கப்பல் ஓட்டும் பெண் ஒருத்தி, நடுவில் பல லட்சம் கிலோமீட்டர். அனிமே ரசிகர்கள் அழுவதற்கு இது போதும். மெக்கானிக்குக் குரல் கொடுத்த நம் ஆளை எல்லோரும் கம்பீரம் என்று கூப்பிடுவார்கள். இருமினால்கூட அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கும்.

கம்பீரத்தின் மனைவிதான் தொடருக்கு வசனம். உதடு எத்தனை தடவை திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பார்த்துப் பார்த்து, அதற்குள் பொருந்துகிற மாதிரி எழுதுகிற வேலை. அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்தே எழுதி அனுப்பினாள்.

கோபத்துக்குக் காரணம் ஒரு பேட்டி. போன தொடரில் "நீ வர்ற வரைக்கும் இந்தக் கடிகாரத்துக்கு லீவு" என்று ஒரு வசனம். இளைஞர்கள் டீ ஷர்ட்டில் அச்சடித்துக்கொண்ட வசனம். மனைவி மூன்று நாள் மண்டையை உடைத்து எழுதியது. பேட்டி எடுத்த பெண் அதைப் பற்றிக் கேட்டதும் கம்பீரம் தாடையைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் மைக் முன்னால நின்னா தானா வரும்ங்க. பேப்பர்ல இருக்கறது சும்மா ஒரு குறிப்பு" என்று சொல்லிவிட்டான். சோபாவில் உட்கார்ந்து மனைவியும் மாமியாரும் அதை நேரலையில் பார்த்தார்கள். பேட்டி முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது சோபா மட்டும் இருந்தது.

அவள் திரும்பி வரவேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டும். ஆனால் அவன் மன்னிப்புக் கேட்காமலே வரவேண்டும். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாதவன் என்று நாம் சும்மா சொல்வோம். இவன் மீசையைத் தனியாகக் கழற்றி மேலே வைத்துவிட்டு விழுகிற ஜாதி.

தொடரில் முதல் எபிசோடிலேயே மெக்கானிக் பைலட்டிடம் "மன்னிச்சிடு" என்றான். கம்பீரம் ஹெட்போனைக் கழற்றினான்.

"இது பொருந்தாது. 'ம'ன்னு ஆரம்பிச்சா உதடு ஒட்டணும். படத்துல ஒட்டலை. 'கவலைப்படாதே'ன்னு வெச்சுக்கலாம்."

கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் தலையாட்டினார். அவர் சம்பளத்தில் கருத்து அடங்கவில்லை.

இரண்டாவது எபிசோடில் "மன்னிச்சிடு", "சரியாயிடும்" ஆனது. மூன்றாவதில் "நான் இருக்கேன்ல". மனைவி வேண்டுமென்றே செருகுகிறாள் என்று அவனுக்குச் சந்தேகம். மூல மொழியை ஓடவிடச் சொன்னான். மூலத்தில் அந்த மெக்கானிக் எபிசோடுக்கு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். ஒருமுறை ஸ்க்ரூடிரைவரிடம்கூடக் கேட்டான். "என்ன ஹீரோ இவன், முதுகெலும்பே இல்ல" என்றான் கம்பீரம்.

"அவர்கிட்டச் சொல்லுப்பா" என்றார் சின்னப்பொண்ணு இன்ஜினியரிடம். ஒன்றரை அடி தள்ளி நின்ற மருமகனுடன் அவர் இன்ஜினியர் வழியாகத்தான் பேசுவார். "முதுகெலும்பு இருக்கறவனுக்குத்தான் குனியத் தெரியும்."

"அத்தைகிட்டச் சொல்லுங்க சார், அவங்க வசனத்தை மட்டும் பேசச் சொல்லி."

"அவர் வசனத்தை அவர் பேசினா நான் ஏம்ப்பா பேசப் போறேன்?"

அதற்கப்புறம் அவர் பழிவாங்கத் தொடங்கினார். கம்பீரம் "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று மாமியாரைப் பார்த்து உயிரைக் கொடுத்துச் சொன்னால், "உயிர் இல்ல. ஒன் மோர்" என்பார். பதினோரு டேக் எடுத்தும் அவருக்கு உயிர் வரவில்லை. பன்னிரண்டாவதில் கம்பீரத்துக்கே போய்விடும் போலிருந்தது. பதிலுக்கு அவன், அவர் காதலில் கிசுகிசுக்கும் இடங்களில் எல்லாம் "முழங்கால் சத்தம் மைக்ல விழுது சார்" என்று நிறுத்தினான். தொடரில் காதல் வளர வளர ஸ்டுடியோவில் தண்ணீர் பாட்டில்களைத் தனித்தனியாக வைத்தார்கள்.

கடைசி எபிசோடு அன்று மனைவி நேரில் வந்துவிட்டாள். இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கம்பீரம் கண்ணாடி வழியாகச் சிரித்தான். அவள் திரையைப் பார்த்தாள்.

காட்சி ஓடியது. நிலையத்துக்கு வெளியே கயிறு அறுந்து மெக்கானிக் மிதக்கிறான். காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. ரேடியோவில் பைலட்டிடம் கடைசியாகப் பேசுகிறான். பேப்பரில் இருந்தது: "அந்தப் பாதையைக் கண்டுபிடிச்சது நீ. நான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மன்னிச்சிடு."

கம்பீரத்துக்குக் காது சூடானது. பழக்க தோஷத்தில் ஹெட்போனைக் கழற்றினான்.

"இது பொருந்தாது சார். 'ம'வுல உதடு..."

"எந்த உதடு சார்?" என்றார் இன்ஜினியர்.

திரையைப் பார்த்தான். மெக்கானிக் ஹெல்மெட் போட்டிருந்தான். கண்ணாடி முழுக்க மூச்சுப் பட்டு வெள்ளையாகப் படிந்திருந்தது. உதடும் இல்லை, வாயும் இல்லை. நாற்பது நொடிக்கு ஒரு வெள்ளை உருண்டை. அதற்குள் திருக்குறள் ஒப்பித்தாலும் பொருந்தும்.

"அவர்கிட்டச் சொல்லுப்பா" என்றார் சின்னப்பொண்ணு, தலையணையைச் சரிசெய்தபடி. "அவருக்காகவே வரைஞ்ச மாதிரி இருக்குன்னு."

வேறு வழியில்லை. கம்பீரம் மைக்கை நெருங்கினான். தொழில் என்று வந்துவிட்டால் அவன் அசுரன். குரல் நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கியது, மூச்சு அறவேண்டிய இடத்தில் அறுந்தது. "மன்னிச்சிடு" என்று முடித்தபோது இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னப்பொண்ணு ஒன் மோர் கேட்கவில்லை. அது அவன் வாங்கிய எல்லா விருதுகளையும்விடப் பெரிய பாராட்டு.

கம்பீரம் பெருமையுடன் மனைவியைப் பார்த்தான். அவள் பேசும் பட்டனை அழுத்தினாள்.

"மெக்கானிக் நல்லாக் கேட்டான்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் படிகளில் தடதடவென்று இறங்கினான். வண்டிகள் நிறுத்துமிடத்தில் அவள் தன் ஸ்கூட்டரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லு."

நின்றாள். அவன் வாயைத் திறந்தான். உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது. சத்தம் வரவில்லை. ஆயுள் முழுக்க, அசைகிற உதடுகளுக்கெல்லாம் குரல் கொடுத்துச் சாப்பிட்டவன்.

"இவருக்கு யாராவது டப்பிங் பேசுங்களேன்" என்றாள் அவள் பொதுவாக, சுவரைப் பார்த்து.

அவன் சட்டென்று பக்கத்தில் நின்ற தன் வண்டியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினான். கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயிருந்து ஏதோ சொன்னான். கண்ணாடி வெள்ளையானது.

"கேக்கலை."

மறுபடி சொன்னான்.

"கழட்டிட்டுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் வேற கிரகத்துல இல்ல."

கழற்றினான். முடி நாலாபக்கமும் நின்றது. "அந்தக் கடிகார வசனம் உன்னுது. நான் சொன்னது பொய். மன்னிச்சிடு." குரல் நடுவில் கீச்சென்று உடைந்தது. எந்த ஸ்டுடியோவிலும் இதை டேக் ஓகே சொல்லமாட்டார்கள்.

அவள் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டாள். "ஊருக்கு முன்னாடி பொய் சொல்லிட்டு, பார்க்கிங்ல உண்மை சொல்றீங்களா?"

"அதுக்கு அவங்க திரும்பப் பேட்டிக்குக் கூப்பிடணுமே..."

மாடி ஜன்னல் திறந்தது. "வெள்ளிக்கிழமை அதே பொண்ணுக்கு நான்தான் பேட்டி கொடுக்கறேன்" என்றது இருபத்திரண்டு வயதுக் குரல். "பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு மாப்பிள்ளை."

இத்தனை நாளில் அவர் நேராக அவனிடம் பேசியது அப்போதுதான். இன்ஜினியர் வழியாகவே பேசியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் மனைவி பதிலுக்காக அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேன் அத்தை" என்றான் மேலே பார்த்து. "நேரலையா?"

"நேரலைதான். வெட்ட முடியாது."

"அப்ப வெள்ளிக்கிழமை பேட்டி முடிஞ்சதும் வீட்டுக்கு வர்றேன்" என்றாள் மனைவி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு அம்மாவைக் கொண்டுபோய் விடுங்க. மெதுவா. முழங்கால் வலி."

அவள் போய்விட்டாள். சின்னப்பொண்ணு தலையணையுடன் இறங்கிவந்து, அதைப் பின் சீட்டில் போட்டு ஏறி உட்கார்ந்தார். முதல் சிக்னலில் வண்டி நின்றதும் அவன் தோளைத் தட்டினார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. ஒத்திகை."

"அத்தை, ரோடு."

"சிவப்புதானே எரியுது? சொல்லுங்க."

சொன்னான். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உயிர் இல்ல" என்றார் சின்னப்பொண்ணு. "அடுத்த சிக்னல்ல ஒன் மோர்."