பூரணியின் கூடை

கண்டி ஆஸ்பத்திரியின் இருட்டறையில் பூரணி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். டொக்டர் சுகிர்தம் அவள் நெஞ்சில் பசை போன்ற ஒன்றைத் தடவியதும் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"பீலியில கொட்டுற மலைத் தண்ணி மாதிரி குளுருதுங்க."

"சிரிச்சா படம் ஆடும் தங்கச்சி. மூச்சை விட்டுட்டு அப்படியே இரு."

கால்மாட்டில் நின்ற தாய் வேலாயிக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரப்பத்தனையிலிருந்து வந்த வழியெல்லாம் ஒரே பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். நோயாளி என்று பெயரெடுத்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் அரைநாள் கணக்கில் அரைப்பேர், அரைச் சம்பளம். பிறகு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயரையே கூப்பிட மாட்டார்கள். பதினெட்டு வயதுக்காரியைப் பெண் கேட்டும் ஒருவரும் வர மாட்டார்கள்.

திரையில் விசிறி போல் விரிந்த வெளிச்சத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து திறந்து மூடியது.

"இதுதான் உங்க மக இருதயம்" என்றார் டொக்டர். "மேல ரெண்டு அறை. நடுவுல சுவர் இருக்கணும். இங்க பாருங்க."

அவர் விரல் வைத்த இடத்தில் சுவர் இல்லை.

"பொறக்கும்போதே உள்ள ஓட்டை. ரத்தம் அதுவழியா இந்தப் பக்கம் வந்து வந்து, வலப்பக்கம் பெருத்துக் கெடக்கு. மேடேறினா மூச்சு வாங்குமா?"

பூரணி வாய் திறக்குமுன் வேலாயி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் இல்லீங்க. நல்லா வேலை செய்வா."

"கொழுந்து?"

"எல்லாரையும் போலத்தான் எடுக்குறா. வேணும்னா கங்காணியக் கேட்டுப் பாருங்க."

டொக்டர் திரையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஹட்டனில் வளர்ந்தவர். மலையும் கூடையும் தெரிந்தவர்.

"இவ்வளவு பெரிய ஓட்டையோட எப்படி முடியுதுன்னு எனக்கு வெளங்கல. சரி, முடிஞ்சா நல்லதுதான். கொழும்புல ஒபரேஷனுக்கு நெறையப் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. நடக்கவே ஏலாதவங்களத்தான் முதல்ல எடுப்பாங்க. இவ பொறுக்கலாம்."

"பொறுத்தா ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ரொம்பப் பொறுத்தா நுரையீரலும் கெட்டுரும். பெறகு ஓட்டைய அடைச்சும் பிரயோசனம் இல்ல."

வேலாயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரட்டுக் களத்தில் மகளைக் காப்பாற்றிய பொய், இங்கே அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னது பொய்யிங்க" என்றாள். "இவ கூடையில பாதி என் கொழுந்து."

டொக்டர் கையிலிருந்த கருவியை எடுத்து வைத்தார்.

"அடுத்த நிரையில நாந்தான் நிப்பேன். மூச்சு வாங்கி இவ நின்னுட்டா, பின்னால போயி ரெண்டு பிடி மூணு பிடி இவ கூடையில போட்டுருவேன். நிறுக்கிறப்ப சமமா வந்துரும். லயத்து வீட்டுக்கு ஏறுறதுக்குள்ள நாலு எடத்துல நிப்பா இவ. நான் கொழுந்து போடுறது இவளுக்குக் கூடத் தெரியாது. தன்னால முடியுதுன்னு சந்தோசமா இருக்கட்டுமேன்னு..."

"ஏன் மறைச்சீங்க?"

"தோட்டத்துல தெரிஞ்சா பேரை வெட்டிருவாங்க."

"நான் தோட்டத்துக்கு எழுதல. கொழும்புக்குத்தான் எழுதுறேன், சுணங்காம எடுக்கணும்னு."

பூரணி எழுந்து உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"கூடை கனக்கிறது முதுகுக்குத் தெரியாதாக்கும்."

"பின்ன ஏன்டி வாயத் தொறக்கல?"

"நீ பூனை மாதிரி வந்து போட்டுட்டுப் போவியா... எனக்கு நல்லா இருந்துச்சு."

வேலாயி மகளின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடத் தொடங்கினாள். ஒன்று மாறிப் போயிற்று. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

டொக்டர் எழுதியபடியே சொன்னார்: "கொழும்புலயும் இதே கேள்வியத்தான் கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லணும்."

"நானே சொல்லிக்கிறேங்க" என்றாள் பூரணி. "அம்மாவ வெளிய நிப்பாட்டிட்டுப் போறேன்."