சோப்பின் மேல் பழி

ஊதா பாக்டீரியாவுக்குள் சில புரதங்கள் கைகோத்து வளையமாக நிற்கும். அந்த வளையத்தில் மாட்டியிருக்கும் நிறமிகள்தான் வெளிச்சத்தைப் பிடிக்கின்றன. வளையத்தின் புரதத்தில் ஓர் இடத்தை மாற்றினால் போதும், அது பிடிக்கும் ஒளியின் நிறமே மாறும் என்று சின்னவள் அடித்துச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இளையவள் என்பதால் அந்தப் பெயர். மாற்றிய பாக்டீரியாவை உருவாக்குவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. முனைவர் பட்டத்துக்கு அவள் நம்பியிருந்ததும் அதைத்தான்.

ஒருநாள் ஒளி அளக்கும் கருவியின் வரைபடத்தில், பிடிக்கும் நிறத்தைக் காட்டும் மேடு நிஜமாகவே இடம் மாறி நின்றது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பக்கத்து மேசை அக்காவிடம் ஓடினாள். கூடப் பிறக்கவில்லையே தவிர, காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அந்த அக்காதான்.

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். வளையத்தைப் பிரித்தெடுக்க ஒரு சோப்புக் கரைசல் சேர்ப்பார்கள். அது கூடிப்போனால் வளையம் உடையும், உடைந்தாலும் மேடு இப்படித்தான் நகரும்.

"சோப்பு அதிகமாயிடுச்சும்மா. இத எடுத்துக்கிட்டு சார்கிட்ட போயி அசிங்கப்படாத."

சோப்பே சேர்க்காமல், உயிரோடிருக்கும் பாக்டீரியாவை அப்படியே அளந்திருந்தால் உண்மை அன்றைக்கே தெரிந்திருக்கும். அக்காவே சொன்ன பிறகு அளப்பானேன் என்று விட்டுவிட்டாள், மக்கு. இது தேறாது என்று ஆய்வுக்கூடத் தலைவரிடம் தானே போய்ச் சொல்லி, வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். பாக்டீரியாவைக் கொன்று கொட்டக் குடுவைகளில் பிளீச்சிங் கரைசல் ஊற்றும்போது, பழகிப் பார்க்க அதில் ஒரு குழாய் மட்டும் கொடு என்று அக்கா கேட்டாள். சந்தோஷமாகக் கொடுத்தாள்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அதே மேடு திரையில் நின்றது. அக்கா சோப்பில்லாமல் அளந்திருந்தாள். தலைவர் கை தட்டினார். சின்னவள் எழுந்து, இதை முதலில் பார்த்தது நான்தான் என்றாள்.

"நீதானம்மா தேறாதுன்னு சொன்ன?" என்றார் தலைவர். நாலு பேர் சிரித்தார்கள்.

வராந்தாவில் அக்காவை மறித்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சந்தேகப்படுறதுதான நம்ம பொழப்பே. என்னை ஏன் நீ சந்தேகப்படல?"

சின்னவளுக்கு ஓடிப்போய் யாரிடமாவது அழ வேண்டும் போலிருந்தது. இத்தனை நாளும் அவள் ஓடிப்போய் அழுதது இந்த ஒருத்தியிடம்தான்.