கேப்டன் தூங்குகிறார்

தாவ்யுவான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நான்கான் என்ற ஊரில், 'பேரரசர் வசந்த மாளிகை' என்றொரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு உண்டு. பேரரசர் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. வசந்தமும் வாசல் தொட்டிச் செடிகளைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பெயருக்கு ஏற்ற ஆள் ஒருவர்கூட இல்லையே என்று ஏங்கிக் கிடந்த அந்தக் கட்டடத்துக்கு ஒன்பதாம் மாடியில் குடிவந்தார், விமானி கேப்டன் காவ் ஷெங்-வே.

அவர் வந்த மாதமே லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஏறியது. லேமினேஷன் போட்டது.

'ஒன்பதாம் மாடியில் கேப்டன் தூங்குகிறார். அவர் தூக்கத்தில் முந்நூறு உயிர்கள் அடங்கியிருக்கின்றன. அமைதி காக்கவும்.'

எழுதியது அவர் மனைவி பெய்-ரொங். அவள் 'பயணிகள்' என்றுதான் எழுதினாள். 'உயிர்கள்' என்று திருத்தியது கேப்டன். அவள் இருநூறு என்று போட்டிருந்ததை முந்நூறாக்கியதும் அவர்தான். அவர் ஓட்டிய விமானத்தில் நூற்றெண்பது இருக்கைகள்.

குடியிருப்புக் குழுவின் தலைவி, அதே மாடிக்காரி லியாவ் அக்கா அதை அரசாணையாக எடுத்துக்கொண்டாள். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை லாரியை அந்தத் தெருவில் மட்டும் பாட்டைக் குறைத்துவிட்டு வரச் சொன்னாள். பூமிசாமி ஊர்வலத்தின் பட்டாசை அடுத்த தெருவுக்குத் தள்ளினாள். பத்தாம் மாடிக்காரர்கள் கட்டைகளை அடுக்கி மாஜாங் ஆடும் மேசையில் பருத்தி ரஜாய் விரிக்க வைத்தாள். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் லியாவ் வென்-ஷியுங் அப்போதுதான் சாக்ஸபோன் கற்க ஆரம்பித்திருந்தார். அவரை அடித்தள கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினாள். மனிதர் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே வாத்தியத்தைச் செருகி ஊதுவார். வெளியே பார்ப்பவர்களுக்கு யாரோ மூச்சுத் திணறுவதுபோல் இருக்கும்.

கேப்டன் தூக்கத்தில் பெரிய புள்ளி. தன் விமானக் கம்பெனியில் இளம் விமானிகளுக்கு அதைப் பற்றி வகுப்பே எடுத்தார்.

"ஸ்டாண்ட்பை அன்னைக்கு ஃபோன் எப்ப வேணா அடிக்கும். அடிக்கிறதுக்குள்ள நீங்க தூங்கி முடிச்சிருக்கணும். தூக்கம்கிறது அதிர்ஷ்டம் இல்ல தம்பிங்களா. ஒழுக்கம்."

கடைசி வாக்கியத்தை அவர் படத்தோடு சேர்த்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வீட்டில் அவருடைய படுக்கையறையில் கறுப்புத் திரை, ஜன்னலில் வெள்ளித் தாள், கழுத்தின் அளவெடுத்துச் செய்த தலையணை, தூக்கத்துக்கு மார்க் போடும் மோதிரம். மார்க்கைத் தினமும் கம்பெனியின் விமானிகள் குழுவில் போடுவார். எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று.

மோதிரம் காட்டியது முப்பத்திரண்டு.

சங்கதி இதுதான்: கேப்டனுக்கு அமைதியில் தூக்கம் வராது. அவர் பிறந்து வளர்ந்தது சான்சோங்கில், அப்பாவின் தகரப் பட்டறைக்கு மேலே. கீழே தகரத்தை அழுத்தும் இயந்திரம் டம் டம்மென்று இடிக்கும். மேலே பலகையில் பையன் பிணம்போல் தூங்குவான். இயந்திரம் நின்றால்தான் விழிப்பான். இப்போது அந்த அப்பாவை யாராவது விசாரித்தால் 'தொழிலதிபர்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். தகரப் பட்டறைச் சத்தம்தான் தாலாட்டு என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் ஒரு கட்டடத்தையே வாயடைத்து வைத்த பிறகு?

அந்த அமைதியும் சும்மா இருக்கவில்லை. அதற்குள் ஆயிரம் சத்தம். தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கும் சத்தம். 'உஷ்' என்னும் சத்தம். 'உஷ் சொல்லாதே' என்று இன்னொருவர் அடக்கும் சத்தம். தலைக்கு மேலே ரஜாயில் மாஜாங் கட்டைகள் பொத்துப் பொத்தென்று விழும். ஒவ்வொன்றும் தனக்காக என்று எண்ணியபடி கேப்டன் இருட்டில் கண் திறந்து கிடப்பார்.

குடிவந்து மூன்று வருஷமான பிறகு, அப்படி இரண்டு இரவு கழிந்து மூன்றாம் நாள். மத்தியானத்திலிருந்து ஸ்டாண்ட்பை, கூப்பிட்டால் போய் ஓட்ட வேண்டும்; காலையிலாவது தூங்கியாக வேண்டும். அன்றைக்குத்தான் மாளிகைவாசிகள் கூட்டமாக ஹொக்கைடோ சுற்றுலா கிளம்பினார்கள். ஒன்பதாம் மாடியை எந்தப் பெட்டியும் உருண்டு கடக்கக் கூடாது, தூக்கித்தான் போக வேண்டும் என்று லியாவ் அக்காவின் உத்தரவு. கதவுக்கு வெளியே முனகல்கள் நகர்ந்தன.

"ஐயோ, என் இடுப்பு." இது லியாவ் அண்ணன்.

"இடுப்பு போனா போகட்டும். கேப்டன் தூங்குறார்."

"பெட்டியில என்னதான்டி வச்சிருக்க?"

"உங்க சாக்ஸபோனைத்தான். கேப்டனுக்குக் கேக்காத ஊர்லயாவது ஊதட்டும்னு எடுத்து வச்சேன். நன்றி இல்லாத மனுஷன்."

கேப்டன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார். தலையணை அளவெடுத்துச் செய்தது. காதை மூடுவது அந்த அளவில் சேரவில்லை.

மத்தியானம் ஆனதும் ஃபோன் அடித்தது. பணி ஒதுக்கும் மிஸ் சியூ.

"கேப்டன், ஹொக்கைடோ ஃப்ளைட் ஓட்டவேண்டியவருக்கு வயிறு சரியில்ல. நீங்க வரணும். தூங்கி எழுந்து தயாரா இருக்கீங்கல்ல?"

"எப்பவும்போல" என்றார் கேப்டன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை.

சீருடை, தோளில் நான்கு பட்டைகள், தொப்பி எல்லாம் ஏறின. பெய்-ரொங் லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினாள். "நம்ம ஆளுங்க போற ஃப்ளைட்டா? லியாவ் அக்கா பாத்தா ஆகாசத்துலயே கை தட்டுவாங்க" என்றாள்.

அடித்தளத்தில் காரைக் கிளப்பினார். எஞ்சின் உறுமியது. பட்டறை அளவுக்கு இல்லாவிட்டாலும், அந்த வழியில் தூரத்துச் சொந்தம். அடுத்து அவருக்குத் தெரிந்தது, யாரோ கண்ணாடியை விரல் நகத்தால் சுரண்டியதுதான். காவலாளி ஆ-ட்சாய் நின்றிருந்தான். கார் மெல்ல நகர்ந்து போய்த் தூணில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றிருந்தது. முன் விளக்கு உடைந்திருந்தது.

"மன்னிக்கணும் கேப்டன்" என்று ஆ-ட்சாய் ரகசியக் குரலில் சொன்னான். "எழுப்பலாமா கூடாதான்னு ரொம்ப நேரமா யோசிச்சுட்டு நிக்கிறேன். லிஃப்ட்ல அப்படிப் போட்டிருக்கு பாருங்க."

கேப்டன் தூணைப் பார்த்தார். நல்ல கெட்டியான தூண். அது பாட்டுக்கு நின்றது. அந்த இடத்தில் ஓர் ஓடுபாதையையும், தன் முதுகுக்குப் பின்னால் வார் பூட்டி உட்கார்ந்திருக்கும் லியாவ் அண்ணனையும், பிடிபட்ட அவர் இடுப்பையும் வைத்துப் பார்த்தார். ஃபோனை எடுத்தார்.

"மிஸ் சியூ, என்னால ஓட்ட முடியாது."

"உங்களுக்கும் வயிறா? வயிறுன்னே போட்டுடவா கேப்டன்?"

பொய்க்குக் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள் மகராசி. வயிறு கௌரவமான உறுப்பு, யாருக்கும் கெடும். கேப்டன் அந்த வாசலில் சற்று நேரம் நின்றார்.

"இல்லம்மா. தூக்கம். ரெண்டு நாளா தூங்கல. களைப்புன்னே போடு."

"நீங்களா?"

"நானேதான்."

"இங்க சுவத்துல உங்க படம் இருக்கு கேப்டன். 'ஒழுக்கம்'னு."

"கிழிச்சுப் போடு."

"கிழியாது கேப்டன். லேமினேஷன்."

வேறு விமானி கிடைக்கவில்லை. கேப்டன் மேலே வந்து தொப்பியைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்திருந்தபோது லியாவ் அக்கா ஃபோன் செய்தாள். பின்னணியில் விமான நிலைய இரைச்சல்.

"கேப்டன்! தூக்கத்தைக் கெடுத்துட்டேனா?"

"இல்ல அக்கா."

"அநியாயத்தைக் கேளுங்க. எங்க ஃப்ளைட் நாளைக் காலையிலதானாம். யாரோ ஒரு பைலட் தூங்கலையாம், டூர் கூட்டிட்டுப் போற பையன் விசாரிச்சுட்டு வந்து சொல்றான். தூங்கறதுக்குச் சம்பளம் வாங்கறவன் தூங்கலையாம்! ராத்திரி நண்டு விருந்துக்கு முன்பணம் கட்டியிருக்கோம், போச்சு. நீங்க ஒரு மனுஷன் எவ்வளவு ஒழுக்கமா இருக்கீங்க!"

"பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ."

"பாவமா! உங்களுக்குப் பெரிய மனசு. அவன் அக்கம்பக்கத்துல எப்படிப்பட்ட ஜென்மங்க குடியிருக்கோ! நம்ம கட்டடம் மாதிரி அமையணுமே. சரி, நீங்க தூங்குங்க."

கேப்டன் "ம்" என்றார். விமானிப் படிப்பில் எத்தனையோ ஆபத்துகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பாராட்டுக்குக் கொடுப்பதில்லை.

ஊர் திரும்பியதும் லியாவ் தம்பதி ஒரு டப்பா பால் பிஸ்கட்டோடு வந்தார்கள். அண்ணன் இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். அக்கா உட்கார்ந்த கையோடு அந்தப் பைலட்டை மறுபடியும் வறுக்கத் தொடங்கினாள். பெய்-ரொங் தேநீர் ஊற்றப் போனவள் அப்படியே நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியும். அதனால்தான் அந்த அறிவிப்பு ஒட்டிய லிஃப்டில் ஏறாமல் ஒன்பது மாடியும் படியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பைலட் நான்தான்" என்றார் கேப்டன்.

லியாவ் அக்கா டப்பாவைப் பார்த்தாள், கேப்டனைப் பார்த்தாள், கடைசியில் கணவர் பக்கம் திரும்பினாள்.

"சொன்னேன்ல! உங்க பெட்டி ஒரு தடவை தரையில பட்டுச்சு. டக்குனு ஒரு சத்தம். என் காதாலேயே கேட்டேன்."

"லேசாத்தான்டி பட்டுச்சு."

"லேசா! அந்த லேசுல மனுஷனோட மானமே போயிருக்கு. எழுந்திருங்க."

இருவரும் எழுந்தார்கள். அண்ணன் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அக்காவும் குனிந்தாள். "இனிமே உங்க ஸ்டாண்ட்பை அன்னைக்கு லிஃப்டையே நிறுத்திடறோம் கேப்டன்" என்றாள்.

கேப்டனுக்கு முகம் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இடுப்புப் பட்டை கட்டிய மனிதர் தன் முன்னால் குனிந்து நிற்பதைத் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க அண்ணே, தயவுசெஞ்சு உக்காருங்க. உங்க மேல தப்பில்ல. சத்தம் இல்லாததாலதான் எனக்குத் தூக்கம் வரல." தரையைப் பார்த்தபடி தகரப் பட்டறையைச் சொன்னார். மேலே பலகை, கீழே டம் டம். "எங்கப்பா தொழிலதிபர் இல்ல. கூரைத் தகரம் அடிச்சவரும் இல்ல, அவ்வளவு பெரிய சரக்கும் கிடையாது. கதவுக் கீல்தான் அடிச்சார்."

யாரும் பேசவில்லை. அந்தக் கட்டடத்துக்கு அது கைவந்த கலை.

"மூணு வருஷம்" என்றாள் லியாவ் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வெக்கமா இருந்துச்சு அக்கா."

"இப்ப எனக்கும்தான் இருக்கு. குப்பை லாரிக்காரன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அண்ணே, சாக்ஸபோன் எடுத்துட்டு வர முடியுமா?" என்றார் கேப்டன். இரவில் மறுபடி ஸ்டாண்ட்பை. மானத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

ஊதாதே என்று கேட்டே பழகிய மனிதர், காது சரியாகத்தான் இருக்கிறதா என்று மனைவியைப் பார்த்தார். போய் எடுத்துவந்தார். ஏதோ பழைய காதல் பாட்டு. இரண்டாம் அடியில் ஏறவேண்டிய இடத்தில் சறுக்குவார். திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். அதே இடத்தில் சறுக்குவார். நாலாவது சறுக்கலில் கேப்டனின் வாய் திறந்தது. குறட்டை சாக்ஸபோனைவிடச் சுதி சேர்ந்திருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. பெய்-ரொங் துடைக்கப் போய், சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கக் கூடியிருந்த பத்தாம் மாடிக்காரர்களைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க!" என்று லியாவ் அக்கா பழக்க தோஷத்தில் அடிக்குரலில் சீறினாள். "கேப்டன் தூங்குறார்!"

அண்ணன் நிறுத்தினார். கேப்டன் விழித்துக்கொண்டார்.

அடுத்த ஸ்டாண்ட்பை நாள் காலையில் ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் கட-கட-கடவென்று ஒரு சத்தம் கேட்டது. பெய்-ரொங் கதவைத் திறந்தாள். லியாவ் அக்கா காலிப் பெட்டியொன்றை ஓடு பதித்த தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இன்னும் இறங்கவில்லை.

"தூங்கிட்டாரா?" என்று கத்தினாள்.

"தூங்கிட்டார் அக்கா" என்றாள் பெய்-ரொங், மெதுவாக.

"அப்புறம் நீ ஏன்டி முணுமுணுக்கற? சத்தமாச் சொல்லு!"