உள்ளேயே கிடந்த பதிவுகள்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ்பெட்டியின் வயரை ப்ளக் பாயிண்டில் செருகிவிட்டுப் பானுமதி நிமிர்ந்தபோது வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். உல்லாஸ்நகரிலிருந்து தாராவிக்கு வரச் சுடலைக்கண்ணனுக்கு ஏழு வருஷம் பிடித்திருக்கிறது. அவர் மகள் தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்ட கல்யாணத்துக்குப் பானுமதியின் அப்பா போகவில்லை. "இனி உன் குரல் என் காதுல விழக்கூடாது" என்று சொல்லிச் சித்தப்பா அண்ணன் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

பெட்டிக்குள் அண்ணன் முகத்தைப் பார்த்தார். பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள். அவர் அழாமல் பானுமதியை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏளா, உங்கப்பா எனக்கு எதுக்கு அந்த நெட் அட்ரஸைக் குடுத்துவிட்டாரு? 'உங்க அண்ணன் இதுல தினமும் எழுதுதாரு, படி'ன்னு நம்ம ஊர்க்காரன் தமிழ்செல்வன் சீட்டைக் கொண்டாந்து தந்தான். நானும் ஏழு மாசமாத் தொறந்து தொறந்து பாத்தேன். பூரா காலி. கேலி பண்ணுதாரோன்னு நெனச்சேன்."

"காலியா? இருக்காது சித்தப்பா. அப்பா ஒருநாள் விடாம எழுதினாரே."

அவர் போனை நீட்டினார். மேலே அப்பாவின் பெயர். கீழே, இன்னும் பதிவுகள் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

மாட்டுங்காவில் முப்பது வருஷம் லிஃப்ட்மேனாக இருந்த அப்பாவுக்கு வலைப்பூவின் பொத்தான்கள் பிடிபடவேயில்லை. அதனால் அவளே ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தாள். அவர் மெசேஜ் அனுப்பினால் போதும், அது ஏபிஐ என்கிற இணைப்பு வழியாகப் போய்ப் பதிவாக ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் சர்வரிலிருந்து 201 என்று பதில் வரும். பதிவு உருவாகிவிட்டது என்று அர்த்தம். அப்பா தன் போனில் பார்த்தாலும் எல்லாம் வரிசையாக இருந்தது. ஆபீசில் அடுத்தவர் நிரலில் ஆயிரம் குற்றம் கண்டுபிடிக்கிறவள், இதை ஒருநாளாவது வெளியாள் மாதிரித் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஹிந்தி மீடியத்தில் படித்தவளுக்குத் தமிழ் வாசிக்கவும் வராது.

"யாராச்சும் பதில் போட்டிருக்காவளாட்டி?" என்று அப்பா தினமும் கேட்பார்.

"போடுவாங்கப்பா, டைம் லகேகா, கொஞ்சம் நாளாகும்" என்பாள். யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று அவள் கேட்டதில்லை.

லேப்டாப்பைத் திறந்தாள். நிரலில் தலைப்பு இருந்தது, பதிவின் வாசகம் இருந்தது. வெளியிடு என்று சொல்லும் ஒற்றை வரி இல்லை. அது இல்லாவிட்டால் பதிவு வரைவாக உள்ளேயே கிடக்கும், எழுதியவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இருநூற்றுப் பதினான்கு வரைவுகள்.

"என் தப்பு சித்தப்பா. அப்பா எழுதினதையெல்லாம் நான்தான் வெளிய விடாம வச்சுட்டேன்." அப்பாவின் ஏழு மாதக் காத்திருப்புக்குத் தன் கையாலேயே பூட்டு போட்டது நெஞ்சை அறுத்தது.

சித்தப்பா திட்டவில்லை. "இப்போ விட முடியுமாளா?"

எல்லா வரைவுகளையும் வெளியிடச் சொல்லி நாலு வரி எழுதி ஓட்டினாள். சித்தப்பாவின் போனில் பதிவுகள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் தொடங்குவது அவளுக்கே தெரிந்தது.

"அது என்ன சித்தப்பா?"

"என் பேரு."

முந்தாநாள் எழுதியது மேலே இருந்தது. அதை வாய்விட்டுப் படித்தார். "'சுடலை, மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை வாறியா? மீன் வாங்கி வைக்கேன். என் குரல் கேக்கப் பிடிக்கலன்னா நான் வாயே தொறக்கல.'"

வெளியே சயான் சுடுகாட்டுக்குப் போகும் வண்டி ஹாரன் அடித்தது. "நேரமாச்சு, எடுக்கணும்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சித்தப்பா அசையவில்லை. பதிவுக்குக் கீழே பதில் எழுதுவதற்கு இருந்த கட்டத்தில், "வாறோம்ணே" என்று முணுமுணுத்தபடி ஒரு விரலால் தட்டி அனுப்பினார். பிறகு போனைப் பானுமதியிடம் காட்டினார்.

"இங்கிலீஷ்ல என்னமோ வருதே?"

அவள் அதைப் படித்தாள். "அப்பா பாத்து சரின்னு சொல்லணும் சித்தப்பா. அப்பதான் அது வெளிய தெரியும்."

சித்தப்பா தலையாட்டிவிட்டுப் போய் அண்ணனின் தலைமாட்டில் நின்றார். டிவி மேல் சார்ஜில் கிடந்த அப்பாவின் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.