வலப்பக்கம் இருந்த சட்டைப்பை

1

இந்தக் கதை இரக்கத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய் சொல்ல விருப்பமில்லை. பெருமையில் பிறந்தது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வீடியோ ஊரையே சுற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏழெட்டு வயதுப் பிள்ளை. இதயத்தில் ஓட்டை. பிள்ளைக்கு ஆதரவாக எல்லாரும் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுப் படம் எடுக்க வேண்டும், இதையே செய்யச் சொல்லி இன்னும் மூன்று பேரைக் கோத்துவிட வேண்டும், முடிந்த பணத்தை அதில் காட்டிய கணக்குக்கு அனுப்ப வேண்டும். அந்த வீடியோவின் கீழே ஆறு வரிகள் இருந்தன. பார்த்தவர்கள் அழுதார்கள். அந்த ஆறு வரிகளை எழுதியவன் நான்.

என் பல் டாக்டரின் உதவியாளர், நான் யாரென்று தெரியாமல், என் வரிகளை எனக்கே படித்துக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாயில் பஞ்சு இருந்ததால் நான்தான் எழுதினேன் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அன்றைய என் ஒரே வருத்தம்.

2

தொடக்கங்கள்:

"மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளை ஜன்னல் வழியாக" (வேண்டாம். அந்த வார்டில் ஜன்னல் உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதித்தான் இந்த வம்பே வந்தது.)

"இரக்கம் என்பது" (இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.)

"என் அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள்." (இது ஓடும்.)

3

என் அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். சொன்னது அவள் வேலை செய்யும் தையல் ஃபாக்டரியில். அங்கே அவள் செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, தையலைப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். இருபது வருஷமாக இதே வேலை. பெயர் 'ரிஜெக்ட் அக்கா'. அவள் கல்யாண ஆல்பம் வந்தபோது எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவள் மட்டும் அத்தானின் காலரைப் பார்த்து "ஒரு பக்கம் இறங்கியிருக்கு" என்றாள்.

அந்த வீடியோவை ஃபாக்டரிக்குக் கொண்டுவந்தவர் லைன் சூப்பர்வைசர். அவருக்கு யாரோ அனுப்பியது. "உங்க தம்பிதான் கதை எழுதுவாரே" என்று அக்காவிடம் என் நம்பரை வாங்கி, "மனசை உலுக்கற மாதிரி நாலு வரி குடுங்க சார்" என்று என்னிடம் கேட்டார். சார் என்றதும் ஆறாகக் கொடுத்துவிட்டேன். அவற்றைக் கீழே சேர்த்து அவர் அனுப்பியதுதான் ஊரைச் சுற்றியது.

அடுத்த வாரம் லைன் முழுக்கச் சட்டையைத் திருப்பிப் போட்டு நின்றது. அக்கா மட்டும் நேராகப் போட்டிருந்தாள்.

"ஏங்க்கா, உங்களுக்கு மனசே இல்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

"திருப்பினா தையலைப் பாக்கணும் சார். போட்டோ எடுக்கறதுக்கா திருப்பறது? பிள்ளை எந்த ஆஸ்பத்திரி?"

"அதெல்லாம் தெரியாதுக்கா. நல்லது பண்ணும்போது கேள்வி கேக்கக்கூடாது."

"பட்டனுக்கே பத்து கேள்வி கேக்கறோம். பிள்ளைக்கு ஒண்ணு கேக்கக்கூடாதா?"

(இங்கே சூப்பர்வைசரை வில்லனாக்கப் பார்த்தேன். தொப்பை, தங்கச் சங்கிலி எல்லாம் மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன். அவர் ஒல்லியான மனிதர். சொந்தக் காசைத்தான் முதலில் போட்டார்.)

4

வீட்டுக்கு வந்த அக்கா என் போனைப் பிடுங்கினாள். வீடியோவை நாலு தடவை ஓட்டினாள். ஐந்தாவது தடவை நிறுத்தி, திரையில் விரலை வைத்தாள்.

"பை வலப்பக்கம் இருக்கு."

"எந்தப் பை?"

"சட்டைப்பை. பையன் சட்டைல பை இடது பக்கம்தான் வரும். பட்டன் பட்டியும் மாறிக் கிடக்கு."

"தையக்காரன் தப்பா தைச்சிருப்பான்."

"கட்டில் பக்கத்துல நிக்கறாரே, அவர் சட்டையும் அப்படியேதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே தையக்காரனா? வீடியோவைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டிருக்காங்கடா. எங்கேயோ திருடின சரக்கு."

போனில் வீடியோவை இடம்வலமாக மாற்றினேன். பைகள் இடத்துக்கு வந்தன. கூடவே, சுவரில் மங்கலாகத் தெரிந்த பலகையில் எழுத்தும் வந்தது. இத்தனை நாளும் அதை ஏதோ வேற்று மொழி என்று நினைத்திருந்தேன். எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். தாய்மொழி திரும்பி நின்றதும் அடையாளம் தெரியவில்லை.

பலகையில் ஒரு வார்டின் பெயர், ஒரு போன் நம்பர்.

5

அக்கா அந்த நம்பருக்குப் போன் செய்தாள். வார்டில் போனை எடுத்த நர்ஸ் எதையும் சொல்ல மறுத்துவிட்டார். நியாயம்தான். உங்கள் நம்பரைக் குடும்பத்துக்குக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டது பிள்ளையின் அம்மா. அக்கா சொல்லியிருந்ததால் நானும் ஃபாக்டரி வாசலுக்குப் போயிருந்தேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளையப் பத்தி விசாரிக்கணும்னுதாம்மா போன் பண்ணச் சொன்னேன்" என்றாள், செக்கிங் மேஜையில் பேசுகிற அதே கறார் குரலில்.

 "நல்லாருக்கான் அக்கா. காலைல பால் குடிச்சான். ராத்திரிதான் மூச்சு வாங்குது" என்றது அழுகிற குரல். "வார்டுல எல்லார் போன்லயும் அவன் வீடியோ ஓடுது. இத்தனை நாள்ல அவன் எப்படி இருக்கான்னு விசாரிச்சது நீங்க ஒருத்தர்தான்."

(இடையில் ஒரு குறிப்பு. தமிழில் போலீஸும் விசாரிக்கும், சொந்தக்காரர்களும் விசாரிப்பார்கள். அக்கா போலீஸ் விசாரணையைத்தான் தொடங்கினாள். அந்த அம்மா அதை உறவின் விசாரிப்பாக எடுத்துக்கொண்டார். எது சரி என்று எந்த அகராதியையும் நான் புரட்டப் போவதில்லை. 'கேள்வி கேட்காமல் கொடு' என்று சொல்கிறவர்கள் இரண்டையும் செய்யவில்லை, அவ்வளவுதான். நானும்தான்.)

வீடியோவை எடுத்தது அந்த அம்மாதான். போட்ட இரண்டாம் நாளே யாரோ அதைத் திருப்பி, வேறு கணக்கு எண்ணை ஒட்டி விட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் கொடுத்தது அந்தக் கணக்குக்கு. ஆபரேஷன் தேதி ஏற்கனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடவை தள்ளினால் பிள்ளையின் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒரு நிமிஷம் அக்கா, அவங்க அப்பா பேசணுங்கறாரு."

போனைப் பிடுங்கி அணைத்துவிடக் கை நீட்டினேன். அக்கா தட்டிவிட்டாள்.

6

ஏன் என்றால், என் ஆறு வரிகளில் நாலாவது வரி இது: "அப்பா என்று கூப்பிட அவனுக்கு இந்த உலகில் யாருமில்லை."

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது வரி கொஞ்சம் தொய்வாக இருந்தது, அதனால் அடுத்த வரியில் அப்பாவை நானே கொன்றேன். கட்டில் பக்கத்தில் நின்றவரை வார்டு ஊழியர் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னைச் சாகடிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார் போனில். கோபமாகக்கூட இல்லை. "நான் லாரி ஓட்றவன். பிள்ளைக்காக லீவு போட்டிருந்தேன். ஓனருக்கு இந்த வீடியோ போயிருக்கு. டிரைவர் செத்துட்டான்னு வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துட்டார். நேர்ல போய் நின்னேன். 'எழுத்துல வந்திருக்கே'ங்கறார்."

அக்கா என்னைப் பார்த்தாள். எத்தனையோ சட்டைகள் வாங்கிய பார்வை அது. எனக்கு அன்றுதான் முதல் தடவை.

போனை வாங்கி, "நான்தான்" என்றேன்.

(அவர் என்ன திட்டினார் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவனாகத் தெரிந்தேன். அதனால் எடுத்துவிட்டேன். திட்டினார். போதும்.)

7

சூப்பர்வைசர் அன்று மாலை ஃபாக்டரி வசூலை அந்தக் கணக்குக்கு அனுப்புவதாக இருந்தார். மேனேஜருடன் எல்லாரும் சட்டையைத் திருப்பிப் போட்டு எடுத்த படமும் தயார். அக்கா கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து, நேராக்கிய வீடியோவைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "இப்ப நிறுத்தினா என் மானம் போயிடும்க்கா" என்றார்.

அக்கா பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அவர் போன் திரையில், அந்தக் கணக்கு எண்ணின்மேல் ஒட்டினாள்.

"ரிஜெக்ட். மானத்தை நான் அப்புறம் தைச்சுத் தர்றேன். பணம் ஆஸ்பத்திரி கணக்குக்குப் போகட்டும், ரசீது பிள்ளை பேர்ல வரட்டும்."

போனது. ரசீதும் வந்தது. ஆனால் ஒரு ஃபாக்டரியின் பணம் ஒரு ஆபரேஷனுக்குப் போதாது. அதனால் என்னைப் புதிதாக எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. அப்பா லாரி டிரைவர், உயிரோடு இருக்கிறார், வேலை போய்விட்டது. பழைய வீடியோவின் கீழே இருந்தது பொய், எழுதியவன் இவன் (என் பெயர்). ஆஸ்பத்திரி இது. பணத்தை அங்கேயே கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

"கடைசியில ஒரே ஒரு வரி சேர்த்துக்கட்டுமா அக்கா? மனசைத் தொடற மாதிரி?"

"கைய ஒடிச்சிடுவேன்."

அது பரவவில்லை. 'ஃபீலிங்கே இல்லையே ப்ரோ' என்று ஒருவர் கீழே எழுதினார். ஆனால் ஓனர் கண்ணில் பட்டிருக்கிறது. வண்டி திரும்பக் கிடைத்தது. நிறையப் பேர் வார்டுக்குப் போன் செய்கிறார்களாம். நர்ஸ் எரிந்து விழுகிறாராம். எரியட்டும்.

8

முடிவுகள்:

அ) ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. பிள்ளை தன் சட்டைக்குத் தானே பட்டன் போட்டுக்கொண்டு (நிறுத்து.)

ஆ) பணம் தாமதமாகச் சேர்கிறது. அந்த அம்மா வராந்தாவில் (மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.)

இ) வீடியோவைத் திருடியவன் மனம் திருந்தி (யாரென்றே தெரியாதவனை நான் ஏன் திருத்த வேண்டும்?)

கதை கேட்ட பத்திரிகை ஆசிரியருக்கு ஏழாம் பகுதிவரை அனுப்பினேன். "நல்லா இருக்கு, ஆனா முடிச்சுக் குடுங்க. வாசகருக்கு ஒரு நிம்மதி வேணாமா?" என்கிறார். வேண்டாம். நிம்மதி வாங்கிக்கொண்டு நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். நானும் போயிருக்கிறேன்.

இன்று செவ்வாய். ஆபரேஷன் வியாழன். கட்ட வேண்டியதில் இன்னும் கொஞ்சம் பாக்கி. எனக்கு ஒரு வாக்கியம் போதும், அந்தப் பிள்ளையை எழுப்பி வாசலில் ஓடவிட்டுவிடலாம். அவன் அப்பாவையும் ஒரே வாக்கியத்தில்தான் கொன்றேன். எழுதிக் கொன்ற கையால் எழுதிப் பிழைக்கவைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் அக்கா அந்த அம்மாவுக்குப் போன் செய்து விசாரிப்பாள். நீங்களும் விசாரியுங்கள். என்னிடம் அல்ல.