ஒரு வாய் மீதி வைக்க வேண்டும்

...இன்னொரு கிண்ணமா, ஐயோ, இந்த வெள்ளைக்காரிக்கு யாராவது சொல்லக் கூடாதா, வழித்துத் துடைத்துக் காலி பண்ணினால் முதலாளி மறுபடி நிரப்பத்தான் செய்வார், விருந்தாளியின் கிண்ணம் காலியாகக் கிடந்தால் சீனருக்கு அவமானம், இவளுக்கோ மீதி வைப்பதுதான் அவமானம் போலிருக்கிறது... நான் இந்தக் கடைக்குச் சமையலுக்கு வந்த முதல் நாள் இப்படித்தான் கிண்ணம் கிண்ணமாகத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்தேன், ஒரு வாய் மீதி வை ரபாயேல், அப்போது விட்டுவிடுவேன், என்று முதலாளி சாங் மறுநாள்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். சண்டை நின்று வடக்குப் பாதை திறந்ததிலிருந்து வெள்ளைக்காரர்கள் மறுபடி இந்த நாலந்தாவில் இறங்குகிறார்கள், எல்லாரும் கேட்பது ஃபிரைட் ரைஸ்தான், இவள் மட்டும் தனியாக முதுகில் மூட்டையோடு வந்து, மெனு வேண்டாம், நீங்கள் வீட்டில் சாப்பிடும் அசல் சீனச் சாப்பாடு கொடுங்கள் என்றாள், முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை, தன் மேசையிலேயே உட்கார வைத்துவிட்டார், கஞ்சி, கோழிக்கால், கறுத்துப்போன முட்டை... அந்த முட்டையை வாயில் வைத்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடினாள், நான் பார்த்தேன், விழுங்கிவிட்டு "குட், குட்" என்கிறாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, முதலாளி அந்த வாயை நம்பி இன்னொரு முட்டையை எடுத்து வைக்கிறார்.

போன் இன்னும் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, லெபனானில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் என் பெண்சாதி மார்கிரட், அந்த வீட்டு மேடம் வெளியே போகிற நேரம் பார்த்து இந்தக் கடைக்குத்தான் கோல் எடுப்பாள், இன்றைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கவா, வரவா என்று கேட்டிருக்கிறாள்... இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன், வீட்டுக்கூரை பாதியில் நிற்கிறது, அவளும் இங்க ஒரு குறையும் இல்லங்க, நல்லா சாப்பிடுறேன் என்கிறாளே, குறையில்லாத இடத்திலிருந்து பெண்சாதியைக் கூப்பிடுவானேன்? குறை எனக்குத்தான். யட்டவத்தயில் எங்கள் வீட்டுப் பூட்டைத் திறக்கவே மனசு வராது, ஒருத்தனுக்கு என்ன உலை என்று கடையில் வாங்கிய பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுக்கிறேன், அவள் கேட்டால் மட்டும் சோறும் மீனும் என்று கூசாமல் சொல்கிறேன், அவளும் நம்பிவிடுகிறாள், நம்பாமல் என்ன செய்வாள், அவ்வளவு தூரத்திலிருந்து...

வெள்ளைக்காரி தவிப்போடு நிமிர்ந்து பார்க்கிறாள், இந்தக் கடையில் அவளுக்கு யார் இருக்கிறார்கள், பாவம். கிண்ணத்தைக் காட்டி, கொஞ்சம் விட்டுவிடு என்று விரலால் சைகை செய்தேன், புரிந்துகொண்டாள், ஒரு வாய்க் கஞ்சியை விட்டுவிட்டுக் கரண்டியை வைத்தாள், முதலாளியும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார், இவ்வளவுதான், முகத்தைப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்... மார்கிரட்டுக்கு அங்கே யார்? போனில் வாய் மட்டும்தானே வருகிறது, முகம் எங்கே வருகிறது?

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"என்னாங்க, சாப்பிட்டீங்களா?"

"ம்... நீ?"

"நல்லா சாப்பிட்டேங்க."

"என்னா சாப்பிட்ட?"

இத்தனை நாளில் இப்படிக் கேட்டதே இல்லை. பதிலைக் காணோம், இரைச்சல் மட்டும் கேட்கிறது, லெபனான் தூரம், குரல் வந்துசேர நேரமாகும்தான், ஆனாலும் சாப்பிட்டதைச் சொல்ல இவ்வளவு நேரமா...