ஒரு கிருமிகூட இல்லாத தொட்டி

முந்நூறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தை நானும் என் தங்கை கணவனும் ஒன்பது வருடமாக ஷிப்ட் மாற்றிப் பார்த்துவந்தோம். உண்மையில் வேலை செய்தவை தொட்டியிலிருந்த பாக்டீரியாக்கள்தான்.

ஒற்றைச் செல். உட்கரு கிடையாது. வாயும் வயிறும் இல்லை, மேலுறை வழியாகவே சாப்பாடு. காற்றும் தீனியும் கிடைத்தால் சில வகைகள் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். வீடுகள் கழுவிவிடும் அழுக்கைத் தின்று, பழுப்புத் திட்டுகளாக ஒட்டிக்கொண்டு அடியில் படியும். மேலே தெளிந்த நீர் கால்வாய்க்குப் போகும். கால்வாயில் பிள்ளைகள் நீந்துவார்கள்.

அவற்றை ‘நம்ம ஆளுங்க’ என்போம். யாராவது கிருமி என்றால் மாப்பிள்ளைக்குத்தான் முதலில் கோபம் வரும்.

நாளை வீடு வாங்க ஆட்கள் வருகிறார்கள், வாடை வரக்கூடாது, பிளீச்சிங் பவுடரைக் கொட்டுங்கள் என்றார் மேலாளர். கொட்டினால் எல்லாம் செத்துவிடும் என்று மறுத்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை தலையாட்டினான். எனக்காக ஆட்டினான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை படியிறங்கும்போதே மூக்கு எரிந்தது. தொட்டி நீரை ஜாடியில் ஒரு லிட்டர் அள்ளி வைத்தேன். அரை மணி நேரத்தில் பழுப்பெல்லாம் இறங்கி மேலே தண்ணீர் தெளிய வேண்டும். அன்று கலங்கல் கலங்கலாகவே நின்றது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் திட்டுகள் பிய்ந்து தூளாகக் கிடந்தன.

பதிவேட்டைத் திறந்தேன். மாப்பிள்ளையின் முத்து முத்தான கையெழுத்து: ‘கிருமிகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன.’ கீழே மேலாளரின் ‘நன்று’.

விவரம் தெரியாதவன் எழுதியிருந்தால் விட்டிருப்பேன். இவன் மேலாளருக்குப் பிடிக்கும் சொல்லைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறான்.

அவன் கையில் டீயோடு வந்தான். சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னார்களாம். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்பதால்தான் சொல்லவில்லையாம்.

“பெருகிடும் மச்சான். இருபது நிமிஷத்துல ரெண்டாகும்னு நீங்கதானே சொல்வீங்க.”

நான் ஆசை ஆசையாகச் சொன்னதை எனக்கே திருப்பிக் கொடுத்தான்.

“பெருகுறதுக்கு உசுரோட மிச்சம் இருக்கணும், மாப்ள. அதுவரைக்கும் முந்நூறு வீட்டுக் கழிவும் எங்க போகும்?”

நான் போய்க் கால்வாய் வால்வை மூடினேன். இரண்டு மணி நேரத்தில் கழிவு மேலேறி வண்டி நிறுத்துமிடத்தில் பொங்கும். வீடு பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். அவனுக்கும் அது தெரியும். தங்கச்சி முகத்துக்காகவாவது திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினான். வேலையை வாங்கிக்கொள்ளும்போது அவள் முகம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன்.

அடுத்த குடியிருப்பின் நிலையத்துக்குப் போன் செய்து, உயிருள்ள சேறு ஒரு டேங்கர் வேண்டும் என்றேன். மொத்தமும் எப்படிச் செத்தது என்று கேட்டார்கள்.

“எங்க வீட்டு மாப்பிள்ளை கொன்னுட்டாரு,” என்றேன், அவன் காதுபடவே.